துப்பாக்கியின் குதிரை

பாலாறு என்றதும் பலருக்கு வேலூர்தான் நினைவுக்கு வரும். நான் குறிப்பது வேறொரு பாலாறு: கொளத்தூரிலிருந்து மாதேசுவரன் மலைக்குச் செல்லும் வழியில், தமிழ்நாட்டுக்கும் கர்நாடகத்துக்கும் எல்லையாக ஓடிக் காவிரியில் கலக்கும் சிற்றாறு. 1993 ஏப்ரல் 9 அன்று நிகழ்ந்த கண்ணிவெடித் தாக்குதலால் அதன் பெயர் நாடெங்கும் தெரிந்தது. மலையை உள்ளடக்கிய கொள்ளேகால் வட்டம் 1956 வரை சென்னை மாநிலத்தின் கோவை மாவட்டத்தில் இருந்தது; பிறகு மைசூர் மாவட்டம், 1997 முதல் சாமராசநகர். அதற்கும் முன்னர், மைசூரிலிருந்து கொங்குநாட்டுக்கு இறங்கும் வழிகளுள் ஒன்று இங்குள்ள காவேரிபுரம் கணவாய். பிரான்சிஸ் புக்கானன் 1800இல் இவ்வழியே இறங்கினார். ஐதர், திப்பு காலப் போர்களில் துப்பாக்கிகள் ஏறி இறங்கிய நிலம் இது. துப்பாக்கியோடு அதன் சொற்களும் பயணம் செய்தன.

'துப்பாக்கி' துருக்கிய மொழிவழி வந்தது. தீக்கல்லைக் குறிக்கும் 'சக்கிமுக்கி'யின் மூலமும் அதே மொழிதான். ஆனால் அதே கருவியின் இயங்கும் உறுப்புக்கு நாம் இட்ட பெயர் 'குதிரை'. கன்னடத்தில் 'குதுரெ', இந்தியில் 'கோடா'. ஆங்கிலேயர் அதைச் சேவல் என்றனர், பிரெஞ்சுக்காரர் நாய் என்றனர். இழுக்கும் விசையை ஸ்பானியர் பூனைக்குட்டி என்றழைத்தனர். மலையாளம் மட்டும் விலங்கு எதையும் நாடாமல் 'காஞ்சி' என்றது.

தமிழில் குதிரை என்பது எந்த உறுப்பு என்பதே சிக்கல். கல்லைக் கவ்விப் பாயும் சுத்தியையும் குதிரை என்கிறோம். விரலால் இழுக்கும் விசையையும் குதிரை என்கிறோம். இதைப் பேச்சுவழக்கின் குழப்பம் என்று ஒதுக்குவது எனக்கு ஏற்புடையதன்று. நம் நாட்டுத் திரித் துப்பாக்கியில் விசையை இழுத்தால் திரியைக் கவ்விய கொம்பு நேரே சாய்ந்து மருந்தைத் தொடும். இரண்டும் ஏறக்குறைய ஒரே நெம்புகோலின் இரு முனைகள். ஒரு பெயர் போதும். சக்கிமுக்கித் துப்பாக்கியில்தான் அவை பிரிந்தன. பொருள் பிரிந்த பிறகும் பெயர் பிரியவில்லை என்பதே என் கருத்து.

அந்தப் பிரிவு கொல்லருக்கும் புதிய தொல்லைகளைக் கொண்டுவந்தது. திரித் துப்பாக்கி பழுதானால் ஊர்க் கொல்லரே செப்பனிடலாம். சக்கிமுக்கி விசைப்பொறியிலோ, வில்லின் அழுத்தத்தைத் தாங்கிக் குதிரையைப் பின்னே நிறுத்திவைப்பது ஒரு சிறு இரும்பு நாக்கு. அது பதியும் பள்ளம் பயன்பாட்டில் மழுங்கிவிட்டால், விசையைத் தொடாமலே குதிரை பாய்ந்துவிடும். பாதி ஏற்றிய நிலையிலும் பாயும். ஏந்தியவர் உயிருக்கே ஆபத்து. கல் மோதும் எஃகுத் தகடு மென்மையானால் பொறி பறக்காது. அதன் மேற்பரப்புக்கு மீண்டும் கரியேற்றிக் கடினமாக்க வேண்டும்.

எளிய தீர்வு, வேறொரு துப்பாக்கியின் விசைப்பொறியைக் கழற்றிப் பொருத்துவது. இரண்டு மூன்று திருகாணிகளில் நிற்கும் உறுப்பு ஆதலால் கழற்றுவது எளிது. பொருத்துவதுதான் கடினம். ஒவ்வொன்றும் கையால் அராவிச் செய்யப்பட்டது. மருந்துக் கிண்ணம் குழலின் பற்றுவாய்க்கு நேரே அமையாவிட்டால், கிண்ணத்தில் தீ எழும், குழலில் வெடிக்காது. உறுப்புகள் ஒன்றுக்கொன்று மாற்றிப் பொருந்தும் விசைப்பொறிகளைப் பிரான்சில் ஒனோரே பிளாங்க் செய்துகாட்டியதைத் தாமஸ் ஜெபர்சன் 1785இல் வியந்து எழுதினார். மூன்றாண்டு கழித்து, 1788இல், திப்புவின் தூதர்கள் அதே பிரான்சில் கைவினைஞர்களைக் கேட்டு நின்றனர்.

மாணவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். கும்பினி விசைப்பொறித் தகட்டில் அதன் முத்திரையும் ஆண்டும் இருக்கும். அந்த ஆண்டையே முழுத் துப்பாக்கியின் ஆண்டாகப் பட்டியலில் எழுதிவிடும் வழக்கம் நம்மிடையே உண்டு. இது பிழையான முறை. ஆப்கானியரின் 'ஜெசாயில்' துப்பாக்கிகள் பலவற்றில் குழலும் கட்டையும் உள்ளூர் வேலை. விசைப்பொறி மட்டும் கும்பினியுடையது. எளிதில் மாறும் உறுப்பைக் கொண்டு முழுமைக்கு வயது சொல்வது, ஒரு கடன்சொல்லைக் கொண்டு மொழிக்கே வயது சொல்வதற்கு ஒப்பாகும். திப்புவின் பட்டறைத் துப்பாக்கிகளில் அவருடைய மௌலூதி ஆண்டு பொறிக்கப்பட்டிருப்பதையும் இதே எச்சரிக்கையுடன் படிக்க வேண்டும்: எழுத்து எந்த உறுப்பில் இருக்கிறது என்பது முதற்கேள்வி. தகட்டைக் கழற்றிக் கட்டையின் குழியைப் பார்த்தால், மரத்துண்டு வைத்து அடைத்த பழைய திருகாணித் துளையோ, அளவு மீறி அகழ்ந்த விளிம்போ மாற்றத்தைக் காட்டிக்கொடுக்கும்.

கொளத்தூர், கொள்ளேகால் பக்கத்து மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர் மூத்தவர்கள் நாட்டுத் துப்பாக்கியைப் பற்றிப் பேசும்போது, 'குதிரை' என்று எதைச் சுட்டுகிறார்கள், ஏற்றுவதையா இழுப்பதையா? தமிழ் பேசுவோர், கன்னடம் பேசுவோர் இரு சாராரிடமும் கேட்டு, ஊர்ப்பெயருடன் கீழே எழுதுங்கள்.