தோம்பு எழுதிய பள்ளிக்கூடம்

நம் பேச்சில் பள்ளி என்றால் பள்ளிவாசல். பிள்ளைகள் படிக்கப் போகுமிடம் பள்ளிக்கூடம். ஒல்லாந்தர் காலத்து யாழ்ப்பாணத் தீவுகளில் இந்த வேறுபாடு இருக்கவில்லை. வழிபாட்டுக்கும் படிப்புக்கும் ஒரே கட்டடம். ஊர்க் கந்தோரும் அதுவே.

1658இல் போர்த்துக்கேயரை வென்ற ஒல்லாந்தர், கத்தோலிக்கக் கோயில்களைத் தமது சீர்திருத்தச் சபைக்கு மாற்றி, அவற்றோடு பள்ளிக்கூடங்களை நடத்தினர். தீவுகளுக்கும் தம்மூர்ப் பெயர்களைச் சூட்டினர்: வேலணைக்கு லைடன், நயினாதீவுக்கு ஹார்லெம், நெடுந்தீவுக்கு டெல்ஃப்ட். கடைசிப் பெயர் மட்டும் ஆங்கிலத்தில் ஒட்டிக்கொண்டது.

அக்கால உபாத்தியாயருக்குப் படிப்பித்தல் வேலையில் ஒரு பங்குதான். ஞானஸ்நானத்தையும் கலியாணத்தையும் பள்ளித் தோம்பில் பதிந்தவரும் அவரே. காணி விற்பதாயின் மூன்று ஞாயிறுகள் கோயிலில் கூறி அறிவிக்கவேண்டும். 1707இல் நடைமுறைக்கு வந்த தேசவழமைத் தொகுப்பும் இதைச் சொல்கிறது. தோம்பில் பெயர் இல்லாதவருக்குச் சொத்துரிமை சிக்கலானது. சைவர்கள் பலர் ஞானஸ்நானம் பெற்றதற்குக் காரணம் விசுவாசத்தைவிட இந்தத் தோம்புதான் என்று எண்ணுகிறேன். 1795இல் ஆங்கிலேயர் வந்து கட்டாயம் நீங்கியதும் பெரும்பாலோர் தம் கோயில்களுக்கே திரும்பினர். கட்டடங்கள் கூரையிழந்தன. தீவுகளுக்கு எதிர்க்கரையில், வட்டுக்கோட்டையில் பாழடைந்து கிடந்த ஒல்லாந்தர் கோயிலை அமெரிக்க மிஷனரிமார் திருத்தி, 1823இல் அங்கே செமினரி தொடங்கினர்.

ஞானஸ்நானத் தோம்பில் முஸ்லிம்களுக்கு இடமேது? ஓதற்பள்ளிதான் நம் பிள்ளைகளின் பள்ளிக்கூடம். பிற்காலத்தில் அறிஞர் ஏ.எம்.ஏ. அசீஸ்கூட வண்ணார்பண்ணைக் குர்ஆன் மத்ரசாவிலிருந்து வைத்தீஸ்வர வித்தியாலயத்துக்கும், அங்கிருந்து யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரிக்கும் போனவர். சைவர் நடத்திய பள்ளிகளின் இடாப்புகளில் நம்மவர் பெயர் ஏறியது இப்படித்தான்.

1990 அக்டோபர் 30இல் விடுதலைப் புலிகள் யாழ்ப்பாண முஸ்லிம்களைச் சில மணிநேர அவகாசத்தில் வெளியேற்றினர். உறுதிகளும் பிறப்புப் பத்திரங்களும் பல வீடுகளோடு போயின. 2009க்குப் பின் திரும்பி வந்தோரிடம் கந்தோர்கள் கேட்பது இன்னார் இந்த ஊரவர் என்பதற்கான அத்தாட்சியை. பாடசாலைச் சேர்வு இடாப்பில் பிள்ளையின் பெயரும், தகப்பன் பெயரும், வதிவிடமும், சேர்ந்த தேதியும் ஒரே வரியில் இருக்கும். கட்டடத்துக்குக் கூரை போடுகிறவர்கள், உள்ளே அலுமாரியில் செல்லரிக்கும் அந்தக் கொப்பிகளையும் கொஞ்சம் பார்க்கட்டும்.