தாழியும் நாணயமும்: டயோஜெனிஸ் வரலாற்றில் சான்றும் கதையும்

கிரேக்க மெய்யியலாளர் டயோஜெனிஸ் பற்றி வழங்கும் செய்திகளுள் பெரும்பாலானவை, அவர் மறைந்து ஐந்து நூற்றாண்டுகளுக்குப் பின் டயோஜெனிஸ் லேயர்டியஸ் என்பார் தொகுத்த மெய்யியலாளர் வரலாற்றின் ஆறாம் நூலிலிருந்து பெறப்பட்டவை. முன்னவர் இயற்றியனவாகச் சொல்லப்படும் நூல்களுள் ஒன்றேனும் எஞ்சவில்லை. ஆகவே அவர்தம் நகைத்திறனை ஆராய்வோர் முதலில் எதிர்கொள்ளும் வினா, இக்கதைகளுள் வரலாறு எவ்வளவு என்பதே.

கருங்கடலின் தென்கரையிலுள்ள சினோப்பு அவர் பிறந்த ஊர். தந்தை ஹிகேசியஸ் காசு மாற்றும் தொழிலினர். நாணயங்களைச் சிதைத்த குற்றத்திற்காகவே டயோஜெனிஸ் ஊர் நீங்கினார் என்னும் செய்தியைப் பிற்காலப் புனைவெனத் தள்ளியோர் உண்டு. எனினும் கி.மு. 4ஆம் நூற்றாண்டைச் சார்ந்த சினோப்பு நாணயங்கள் சில உளியால் வெட்டப்பட்ட நிலையில் கிடைத்துள்ளன. ஹிகேசியஸ் பெயர் பொறித்தனவும் உள்ளன. அது குற்றமா, போலிகளைப் புழக்கத்தினின்று விலக்கிய அலுவற்கடமையா என்பது முடிவுறாத வாதம். காசைக் குறிக்கும் ‘நோமிஸ்மா’ என்னும் கிரேக்கச் சொல், வழக்காறு, சட்டம் எனப் பொருள்படும் ‘நோமோஸ்’ என்பதோடு உறவுடையது. இவ்வுறவைக் கொண்டே காசைச் சிதைத்தவர் என்னும் பழியை, செல்லாத வழக்காறுகளைச் சிதைப்பவர் என்னும் பெருமையாகச் சினிக்க மரபு மாற்றிக்கொண்டது. காசையும் நேர்மையையும் ‘நாணயம்’ என ஒரு சொல்லாற் சுட்டுவோர்க்கு இச்சிலேடை அயலானதன்று.

ஏதென்சில் அவர் உறைந்ததைப் பீப்பாய் எனத் தமிழில் எழுதுவது பிழை. மூலத்திலுள்ள ‘பித்தோஸ்’ தானியமும் மதுவும் சேமிக்கும் பெரிய மட்கலம். தாழி என்பதே பொருந்தும்.

மனிதன் இறகற்ற இருகால் உயிரி எனப் பிளேட்டோ வரையறுத்துப் பாராட்டுப் பெற்றபோது, இறகு பறித்த கோழியொன்றைக் கொணர்ந்து இதுவே பிளேட்டோவின் மனிதன் என்றாராம். பின்னர் ‘தட்டை நகமுடைய’ என்னும் அடைமொழி சேர்க்கப்பட்டது. இதனை வெறுங்கேலி என ஒதுக்குதல் கூடாது. எதிர்ச்சான்று காட்டி வரையறையைத் தகர்க்கும் தருக்கமுறை இது. கடற்கொள்ளையரிடம் சிக்கி அடிமைச் சந்தையில் நின்றபோது, தெரிந்த தொழில் யாதென வினவப்பட, மனிதரை ஆளுதல் என விடையிறுத்ததாகக் கூறும் கதையிலும் இத்தருக்கமே இயங்குகிறது. வாங்கியவர் கொரிந்து நகரத்துச் செனியாடஸ்.

அலெக்சாந்தரை வெயில் மறைக்காது விலகி நிற்கச் சொன்ன நிகழ்ச்சியைப் புளூட்டார்க் கொரிந்தில் நிகழ்ந்ததாகவே எழுதுகிறார். இருவரும் கி.மு. 323இல் ஒரே நாளில் இறந்தனர் என்பதோ கதைக்கட்டமைப்பின் தெளிவான அடையாளம். இறப்பின் காரணமும் மூவகையாகக் கூறப்படுகிறது: பச்சை எண்காலி தின்றமை, நாய்க்கடி, தாமே மூச்சடக்கியமை. ‘நாய்’ எனப் பழிக்கப்பட்டு, அப்பெயரையே விரும்பி ஏற்றவர் கல்லறையில் தூண் நிறுவி, அதன்மீது பாரோசுத் தீவின் பளிங்கில் ஒரு நாயை வைத்தனர் என்கிறார் லேயர்டியஸ்.