நாலு கேபிள், ஒரு திரை: பழைய கார்டில் வேகம் வந்த கதை

வண்ணார்பேட்டைக்காரங்களுக்குப் பாலத்தைப் பத்திச் சொல்லித் தரவேண்டியதில்லை. 1843-ல் சுலோசன முதலியார் சொந்தக் காசைப் போட்டுக் கட்டின தாமிரபரணிப் பாலம் பக்கத்துலயே இருக்கு. ஜங்ஷன் பக்கம் எத்தனை வண்டி நின்னாலும், பாலம் விடுற அளவுதான் இந்தக் கரைக்கு வந்து சேரும். கிராபிக்ஸ் கார்டுக்கும் மானிட்டருக்கும் நடுவுல ஓடுற கேபிளும் அப்படித்தான் மக்களே. இது தெரியாம நல்ல கார்டைக் கழட்டிப் போட்டவங்க நிறையப் பேர்.

முதல்ல குண்டு மானிட்டர் காலத்துக்குப் போவோம். 1024×768-ல் 60 ஹெர்ட்ஸ் வெச்சா திரை லேசா துடிக்கும். சின்ன எழுத்துல தமிழ் படிச்சா, ண எது ன எதுன்னு பாக்குறதுக்குள்ள கண்ணு வலிச்சிரும். 85 வெச்சா நிம்மதி. ஆனா 60-க்கு நொடிக்கு 6.5 கோடி புள்ளி போதும், 85-க்கு 9.45 கோடி வேணும்.

இங்க ஒரு வேடிக்கை. 1024, 768, 60 மூணையும் பெருக்கினா 4.7 கோடிதான் வருது. மிச்சம் 1.8 கோடி எங்க போச்சு? எலக்ட்ரான் கதிர் ஒரு வரியை முடிச்சு அடுத்த வரிக்குத் திரும்புற நேரத்துக்காக விட்ட காலி இடம் அது. அதாவது, சரக்கு இல்லாம பாலத்துல போற வெறும் வண்டி.

1999-ல் டிவிஐ வந்துச்சு. ஒரு இணைப்புக்கு நொடிக்கு 16.5 கோடி புள்ளிதான் உச்சம். 2001-ல் ஐபிஎம் டி220-ன்னு ஒரு திரையை இறக்கினாங்க, அடுத்து டி221. 22.2 அங்குலத்துல 3840×2400, அதாவது 92 லட்சம் புள்ளி! டி221-ஐ ஒத்தைக் கேபிள்ல மாட்டினா நொடிக்கு 13 படம்தான். மவுஸை இழுத்தா அம்பு ஆடி அசைஞ்சு வரும்.

அவங்க செஞ்ச வழிதான் அழகு. திரையை 960×2400 அளவுல நாலு பட்டையா வெட்டி, பட்டைக்கு ஒரு கேபிள். 41 ஹெர்ட்ஸ் கிடைச்சிருச்சு. டி220 கூடவே வந்த கார்டு என்ன தெரியுமா? மேட்ராக்ஸ் ஜி200. 1998-ல் வந்த சிப்! அதுல நாலு வாசல் இருந்துச்சு, அவ்வளவுதான். எல்சிடி-யில புள்ளி அடுத்த படம் வர்ற வரைக்கும் அணையாம நிக்கும்ங்கறதால 41-லயும் துடிப்பு கிடையாது. அசையுற படத்துலதான் குறை தெரியும்.

சரி, நாலு கேபிள் இல்லாதவங்க? எல்சிடி-யில திரும்பிப்போக கதிரே கிடையாதே, காலி இடம் எதுக்கு? 2003-ல் வெசா அமைப்பு அதைச் சுருக்கி ஒரு முறை வகுத்தாங்க. 1920×1200-க்கு 60 ஹெர்ட்ஸ் வேணும்னா பழைய கணக்குல 19.3 கோடி, டிவிஐ தாங்காது. சுருக்கினா 15.4 கோடி. அதே கேபிள்லயே போயிரும்!

4கே வந்தப்பவும் இதே கதைதான். 2009-ல் வந்த எச்டிஎம்ஐ 1.4-ல் 4கே-க்கு 30 ஹெர்ட்ஸ்தான். 2014-ல் என்விடியா தன்னோட கெப்ளர் கார்டுகளுக்கு ஒரு டிரைவர் விட்டு, அதுலயே 60 வர வெச்சுது. வெளிச்சம் ஒவ்வொரு புள்ளிக்கும் தனி. நிறம் மட்டும் நாலு புள்ளிக்கு ஒண்ணு. சினிமா பாக்க அருமை. ஆனா கறுப்புப் பின்னணியில சிவப்புல தமிழ் எழுத்து வந்தா சுழியெல்லாம் மங்கிரும். வாசிக்கிறவங்களுக்கு அதைவிட 30 ஹெர்ட்ஸே மேல்.

ஆக, வழி மூணு: பாலத்தைக் கூட்டு, வெறும் வண்டியைக் குறை, இல்லேன்னா சரக்கைக் குறை. மூணாவதுலதான் நஷ்டம். புதுக் கார்டுக்குக் காசை எடுக்கும் முன்னாடி, அகலம், உயரம், ஹெர்ட்ஸ் மூணையும் பெருக்கி, காலி இடத்துக்கும் கொஞ்சம் கூட்டிப் பாருங்க. பல வீட்டுல கார்டு நல்லாத்தான் இருக்கும், பாலம்தான் பத்தாது.