கேட்கப்படாத மக்கள்: ஆட்சிக் கவிழ்ப்புகளும் புதுச்சேரியின் எதிர்காலமும்

1

தமிழ்நாட்டில் ஓர் ஆட்சி கவிழ்ந்தால் அடுத்து யார் என்பதுதான் பேச்சு. தமிழ்நாடு என்று ஒன்று இருக்குமா என்று எவரும் கேட்பதில்லை. புதுச்சேரியில் நிலைமை வேறு. இங்கே ஓர் ஆட்சி விழும்போதெல்லாம் ஊரின் இருப்பே கேள்விக்கு வந்துவிடுகிறது. இது எதற்கு ஒரு தனி அரசு, இதற்கு எதற்கு ஒரு சட்டமன்றம், பேசாமல் பக்கத்து மாநிலத்தோடு சேர்த்துவிட்டால் என்ன என்று எங்கோ இருக்கும் ஒருவர் பேச ஆரம்பிக்கிறார். இந்தக் கேள்வி ஏன் எழுகிறது, அதை எழுப்பும் உரிமை யாருக்கு இருக்கிறது என்பதைப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வரைபடத்தைப் பாருங்கள். புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாட்டுக்குள், மாகே கேரளத்துக்குள், ஏனாம் ஆந்திரத்துக்குள். நான்கு துண்டுகள், மூன்று மொழிகள், இரண்டு கடற்கரைகள். புதுச்சேரித் துண்டே ஒரு துண்டு கிடையாது. கடலூர் சாலையில் போனால் புதுவை முடிந்து தமிழ்நாடு வரும், மறுபடி புதுவை வரும், மறுபடி தமிழ்நாடு. இது எழுதப்படும் கருவடிக்குப்பத்திலிருந்து வடகிழக்கே கொஞ்சம் சைக்கிள் மிதித்தால் கோட்டக்குப்பம். அது விழுப்புரம் மாவட்டம். அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரே பேச்சு, ஒரே சாதிகள், ஒரே கொடுக்கல் வாங்கல். சம்பந்தம் பண்ணும்போது யாரும் எல்லையைப் பார்ப்பதில்லை.

ஆனாலும் கோடு இருந்தது. பிரிட்டிஷ் போலீசிடமிருந்து தப்பி 1908இல் பாரதி இங்கே வந்து பத்து வருஷம் இருந்தது இந்தக் கோட்டின் தயவால்தான். கருவடிக்குப்பத்து மாந்தோப்பு பாரதியின் குயில்தோப்பு ஆனதும் அப்படித்தான். வெள்ளைக்காரர்கள் இருவர் தமக்குள் போட்டுக்கொண்ட கோடு, அவர்கள் நினைக்காத ஒரு காரியத்துக்கும் பயன்பட்டது. எல்லைகளை வெறும் ஆதிக்கத்தின் தழும்புகளாக மட்டும் வாசிப்பவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

2

முதல் கவிழ்ப்பு பாரிசில் நடந்தது. 1954 மே 7இல் தியன் பியன் பூவில் பிரெஞ்சுப் படை வியத்நாமியரிடம் தோற்றது. சூன் 12இல் லானியல் அமைச்சரவை விழுந்தது. அடுத்து வந்த மெந்தேஸ் பிரான்ஸ் இரண்டு கணக்குகளைத் தீர்த்தார். சூலையில் செனீவாவில் இந்தோசீனக் கணக்கு, அக்டோபரில் புதுடில்லியில் புதுச்சேரிக் கணக்கு. முதல் கணக்கில் ஒரு நாடு பதினேழாவது இணைகோட்டில் இரண்டாகப் பிளக்கப்பட்டது. இரண்டாவதில் ஏற்கெனவே பிளந்து கிடந்த துண்டுகள் இன்னொரு நாட்டுக்குக் கைமாற்றப்பட்டன. வியத்நாமியரின் வெற்றியில் நமக்கும் பங்குண்டு என்று சொன்னால் மிகையாகாது. நமது பள்ளிப் பாடங்களில் அது இடம்பெறாதது தற்செயலும் அல்ல.

உள்ளூரில் என்ன நடந்தது? 1948 சூன் மாதத்தில் பிரான்சும் இந்தியாவும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தன: எதிர்காலத்தை மக்களே தீர்மானிப்பர். அதன்படி 1949 சூன் 19இல் சந்திரநாகூரில் வாக்கெடுப்பு நடந்தது. மக்கள் இந்தியாவோடு சேர வாக்களித்தார்கள். மற்ற நான்கு பகுதிகளில் அது நடக்கவே இல்லை. பிரெஞ்சிந்திய சோசலிஸ்டுக் கட்சியின் தலைவர் எதுவார் குபேர், பிரெஞ்சு ஆட்சியின் தூணாக இருந்தவர், 1951இல் பிரெஞ்சு நாடாளுமன்றத்துக்கே போனவர், 1954 மார்ச்சில் பக்கம் மாறினார். மார்ச் 18இல் நகரசபைகள் இணைப்புத் தீர்மானம் போட்டன. அதில் ஒரு சொற்றொடர் முக்கியமானது: பொதுவாக்கெடுப்பு இல்லாமலேயே. பிறகு நெட்டப்பாக்கத்தில் தற்காலிக அரசு. சூன் 13இல் ஏனாம், சூலை 16இல் மாகே. கடைசியில் அக்டோபர் 18இல் கீழூரில், தேர்ந்தெடுக்கப்பட்ட 178 உறுப்பினர்கள் வாக்களித்தார்கள். 170 பேர் ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு. நவம்பர் 1இல் ஆட்சி கைமாறியது.

நேர்மையாக ஒன்றைச் சொல்லவேண்டும். மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தியிருந்தால் அது ஒழுங்காக நடந்திருக்குமா என்பது சந்தேகம்தான். தேர்தல் என்றால் அடியாள், தடி, கள்ளவோட்டு என்பதே இங்கத்திய வழக்கம். கம்யூனிஸ்டுத் தலைவர் வ. சுப்பையாவின் வீடு 1950இல் எரிக்கப்பட்டது. மக்களைக் கேட்டிருந்தாலும் பெரும்பான்மை இந்தியா பக்கம்தான் நின்றிருக்கும் என்றே நானும் கருதுகிறேன். ஆனால் விடை தெரியும் என்பதால் கேள்வி கேட்கத் தேவையில்லை என்று ஆகிவிடுமா? பெண்ணுக்கு மாப்பிள்ளை பிடிக்கும்னு எங்களுக்குத் தெரியும், அவளை எதுக்குக் கேக்கணும் என்று கல்யாணம் பேசுகிற தர்க்கம் இது.

யாருடைய எதிர்காலம் நிச்சயமற்றிருந்தது என்பதையும் பார்க்கவேண்டும். குபேருடையது அல்ல. 1963 சூலை 1இல் முதல் முதலமைச்சராக அமர்ந்தவர் அவரே. கொடி மாறியது, நாற்காலி மாறவில்லை. 1936 சூலை 30இல் சங்க உரிமையும் வேலை நேரக் குறைப்பும் கேட்டு நின்ற ஆலைத் தொழிலாளிகள் 12 பேர் பிரெஞ்சுப் போலீசால் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். அந்தச் சாவுகளுக்குப் பிறகே 1937இல் எட்டு மணிநேர வேலை சட்டமாயிற்று. இந்த ஊரின் விடுதலையை முதலில் கேட்டது அந்த ஆலை வாசல்தான். கீழூரின் 178 பேரில் அந்த வாசலின் குரல் எவ்வளவு இருந்தது என்பதே நாம் கேட்கவேண்டிய கேள்வி.

3

கைமாற்ற உடன்படிக்கை 1956 மே 28இல் கையெழுத்தாகி, 1962 ஆகஸ்ட் 16இல்தான் முழுமை பெற்றது. அதன் இரண்டாம் பிரிவின் சாரம் இது: 1954 நவம்பர் 1க்கு முன்பிருந்த தனி நிர்வாக நிலையின் பயன் இப்பகுதிகளுக்குத் தொடரும். அதில் பின்னாளில் அரசியல்சட்ட மாற்றம் செய்வதானால் மக்களின் விருப்பத்தை அறிந்த பின்பே செய்யவேண்டும். அதாவது 1954இல் கேட்காமல் விட்டதை இனிமேல் கேட்போம் என்று இரண்டு அரசுகள் எழுதிக் கொடுத்த பத்திரம் அது.

அந்தப் பத்திரத்தின் பெறுமானம் 1979இல் தெரிந்தது. அ.தி.மு.க.வின் முதல் ஆட்சி தமிழ்நாட்டில் அமையவில்லை, இங்கேதான் அமைந்தது. காரைக்காலைச் சேர்ந்த எஸ். இராமசாமி 1974 மார்ச்சில் முதலமைச்சரானார். இருபத்தொரு நாளோ என்னவோ, கவிழ்ந்தது. அதற்குப் பிறகு மூன்று வருஷத்துக்கு மேல் சட்டமன்றமே கிடையாது. 1977 சூலையில் மறுபடி அவர் வந்தார், 1978 நவம்பர் 12இல் மறுபடி ஆட்சி போயிற்று. இந்த வெற்றிடத்தில், 1979 சனவரியில், பிரதமர் மொரார்ஜி தேசாய் இணைப்புத் திட்டத்தைப் பேசினார்: புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாட்டுக்கு, மாகே கேரளத்துக்கு, ஏனாம் ஆந்திரத்துக்கு.

ஊர் கொந்தளித்தது. கடையடைப்பு, ஊர்வலம், தடியடி, துப்பாக்கிச் சூடு. தமிழ்நாட்டு முதலமைச்சர் எம்.ஜி.ஆருக்கும் இதில் சம்மதம் உண்டு என்ற பேச்சு பரவியது. தில்லி பின்வாங்கியது. அந்த சூலையிலேயே மொரார்ஜியின் ஆட்சியும் போயிற்று. 1980 சனவரித் தேர்தலில், இரண்டு முறை இங்கே ஆண்ட அ.தி.மு.க. ஓரிடத்திலும் வெல்லவில்லை.

இந்தப் போராட்டத்தைத் தமிழ்நாட்டு அறிவாளிகள் பலர் இன்றுவரை கேலியாகவே பார்க்கிறார்கள். "சாராயத்துக்காகச் சண்டை போட்டாங்க" என்பது அதில் சுலபமான வாசிப்பு. அப்போது தமிழ்நாட்டில் மதுவிலக்கு இருந்தது, மொரார்ஜியோ மதுவிலக்கைத் தன் மதமாகவே கொண்டவர், சாராயக் குத்தகைதாரருக்கும் வியாபாரிகளுக்கும் இதில் அக்கறை இருந்தது, எல்லாம் உண்மை. அரசு ஊழியருக்குத் தம் வேலை மீது பயம் இருந்தது, அதுவும் உண்மை. ஆனால் இந்த நலன்களை மட்டும் கூட்டிப் பார்த்தால் அந்தத் தெருக்கூட்டம் வராது. இன்னொரு பக்கம், தமிழ்த்தேசியச் சொல்லாடலுக்கு இந்தப் போராட்டம் புரியவே இல்லை. பாரதிதாசனின் ஊர், தமிழுக்கு உயிரைத் தருவோம் என்கிற ஊர், தமிழ்நாட்டோடு சேரமாட்டேன் என்கிறதே, இது என்ன துரோகம்? மொழி ஒன்று, ஆகவே நிலம் ஒன்று என்கிற பெருங்கதையாடலுக்குள் இது அடங்காது. பிரெஞ்சு மோகம் என்று தள்ளிவிடவும் முடியாது. பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தவர்கள் சில ஆயிரம் பேர்தான். தெருவில் நின்றவர்களோ பிரெஞ்சில் தம் பெயரைக்கூட எழுதத் தெரியாதவர்கள்.

அவர்கள் தெருவுக்கு வந்தது எங்களைக் கேட்காமல் எங்களைப் பங்கு பிரிக்க நீ யார் என்று கேட்கத்தான். தமிழனாக இருப்பது வேறு, இன்னொரு தலைமைச் செயலகத்தின் கடைசி மாவட்டமாக ஆவது வேறு என்பது அவர்களுக்குப் புரிந்திருந்தது. 1954இல் 178 பேர் அவர்கள் சார்பில் பேசினார்கள். 1979இல் அவர்களே பேசினார்கள். புதுச்சேரிக்கு நடக்காமல் போன பொதுவாக்கெடுப்பு, காலம் தாழ்ந்து, கல்லும் கடையடைப்புமாக நடந்தது என்றே நான் இதை வாசிக்கிறேன்.

4

அப்படியானால் கேட்கப்படும் உரிமை இப்போது கைக்கு வந்துவிட்டதா? 2021 பிப்ரவரி 22க்கு வருவோம். வே. நாராயணசாமியின் அரசு அன்று சட்டமன்றத்தில் விழுந்தது. சில உறுப்பினர்களின் ராஜினாமாவுக்குப் பிறகு சபையில் இருந்தவர்கள் 26 பேர். ஆளும் தரப்பு, சபாநாயகர் உட்பட, 12. எதிர்த்தரப்பு 14. இந்தப் பதினான்கைப் பிரித்துப் பாருங்கள். 11 பேர் மக்கள் வாக்கில் வந்தவர்கள். 3 பேர் தில்லி நியமித்தவர்கள், பாரதிய சனதாக் கட்சியினர். 2016 தேர்தலில் அந்தக் கட்சி இங்கே ஓரிடமும் வெல்லவில்லை. நியமனம் செல்லும், நியமன உறுப்பினருக்கு வாக்குரிமையும் உண்டு என்று உச்சநீதிமன்றம் 2018 டிசம்பரில் சொல்லிவிட்டது. 1963ஆம் ஆண்டின் யூனியன் பிரதேசச் சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. ஆக, சட்டப்படி எல்லாம் சரி. கணக்குப்படி, எவரும் ஓட்டுப் போடாத மூன்று கைகள் ஓர் ஆட்சியின் விதியில் எண்ணப்பட்டன.

ராஜினாமா செய்தவர்கள் யோக்கியர்கள் என்றோ, விழுந்த ஆட்சி பொற்கால ஆட்சி என்றோ இங்கே வாதிடவில்லை. அந்த ஆட்சி இருந்தபோதே, 2020இல், ஏ.எஃப்.டி. ஆலையும் சுதேசி, பாரதி ஆலைகளும் மூடப்பட்டன. 1936இல் ரத்தம் சிந்தி உரிமை வாங்கிய தொழிலாளி வர்க்கத்தின் இடமே இல்லாமல் போனது. முதலமைச்சருக்கும் துணைநிலை ஆளுநருக்கும் யாருக்கு அதிகாரம் என்று வருஷக்கணக்கில் இழுபறி நடந்தது, ஆலை விஷயத்தில் மட்டும் இரண்டு பேருடைய அதிகாரமும் தொழிலாளிக்குப் பயன்படவில்லை. ஆட்சி விழுந்த வாரத்தில் நாற்காலிக் கணக்கு எல்லார் வாயிலும் இருந்தது. ஆலை யார் வாயிலும் இல்லை.

5

நம் முன்னே இரண்டு பதில்கள் எப்போதும் வைக்கப்படுகின்றன. ஒன்று இணைப்பு. இன்னொன்று முழு மாநிலத் தகுதி. சட்டமன்றம் மாநிலத் தகுதி கேட்டுப் பல முறை தீர்மானம் போட்டிருக்கிறது, தில்லியில் அது கோப்பாகக் கிடக்கிறது. இரண்டில் மாநிலத் தகுதியின் பக்கமே நான் நிற்பேன். நியமனக் கைகளையும் ஆளுநரின் தடையாணைகளையும் எதிர்கொள்ள வேறு வழி தெரியவில்லை.

ஆனால் அது போதாது. 1979இல் தில்லியை நோக்கிக் கேட்ட கேள்வியைப் புதுச்சேரி தன்னை நோக்கிக் கேட்டதே இல்லை. காரைக்காலைத் தனி யூனியன் பிரதேசமாக்கு என்று ஒரு குரல் எழுகிறதே, ஏன்? எல்லாம் புதுச்சேரிக்கே போகிறது, எங்களை யாரு கேட்டா என்கிற அதே ஆற்றாமைதான். மாகேவும் ஏனாமும் தலைக்கு ஓர் உறுப்பினரோடு 30 பேர் சபையில் உட்கார்ந்திருக்கின்றன. நேரு காலம் முதல் பிரெஞ்சுப் பண்பாட்டின் சன்னல் என்று சொல்லிச் சொல்லி, நம் 'தனித்தன்மை' கடைசியில் மஞ்சள் சுவரும் காப்பிக் கடையுமாகச் சுற்றுலாக்காரனுக்கு விற்கப்படுகிறது. சேரிக்காரனும் மீனவக் குப்பமும் அந்தத் தனித்தன்மையின் படத்தில் இல்லை. தில்லி புதுச்சேரிக்குச் செய்வதைப் புதுச்சேரி தன் துண்டுகளுக்கும் தன் விளிம்புகளுக்கும் செய்கிறது.

ஆட்சிகள் இனியும் கவிழும், முப்பது பேர் சபையில் நாலு பேரை நகர்த்த அதிகம் செலவாகாது. ஒவ்வொரு முறையும் எதிர்காலம் என்னாகும் என்ற கேள்வி வரும். அதற்குப் பதில் பாரிசிலும் தில்லியிலும் சென்னையிலும் தயாரானது போதும். உடன்படிக்கையின் இரண்டாம் பிரிவு இரண்டு அரசுகளுக்கு இடையே எழுதப்பட்ட வாசகம். அதை ஆலை வாசலுக்கும் சேரிக்கும் குப்பத்துக்கும் காரைக்காலுக்கும் உரிய உரிமையாக மாற்றும் வேலை இன்னும் யாராலும் தொடங்கப்படவில்லை. இயக்கத் தோழர்கள் அடுத்த கவிழ்ப்புக்குக் காத்திராமல் அதைத் தொடங்கலாம். கிராமப் பஞ்சாயத்து, நகராட்சித் தேர்தல்களையே வருஷக்கணக்கில் தள்ளிப்போட்டு வந்திருக்கிற ஊர் இது. முதல் கோரிக்கை அங்கிருந்தே இருக்கட்டும்.