தை வரை காத்திருந்த கப்பல்கள்

மைசூரில் வாழும் நம்மவர் விடுமுறை நாள்களில் காவிரிக் கரையிலுள்ள தலைக்காட்டுக்குச் சென்று, மணலுள் புதைந்த கோயில்களைக் கண்டு திரும்புவது வழக்கம். பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவ்வூர் சோழர் கைப்பட்டு, இராசராசபுரம் என்னும் பெயர் பெற்றது. 1116ஆம் ஆண்டு வாக்கில் போசள மன்னன் விட்டுணுவர்த்தனன் அதனை வென்று கொள்ளும்வரை அங்கே சோழர் ஆட்சி நிலவிற்று. இந்நாட்டைத் தன் ஆட்சிக்கு உட்படுத்திய முதலாம் இராசராசன், தன் இறுதிக் காலத்தில் கடல் கடந்து மாலத்தீவுகளையும் கொண்டான் என்று அவனுடைய மெய்க்கீர்த்தி கூறும்.

படைகள் தரை வழியே தலைக்காட்டை அடைந்தமையை நாம் எளிதில் எண்ணிப் பார்க்கலாம். நடுக்கடலில் சிதறிக் கிடக்கும் தீவுகளை அடைந்தது எவ்வாறு? எத்தனை கலங்கள் சென்றன? எத்தனை நாளுக்கு உணவும் நீரும் கொண்டன? மெய்க்கீர்த்தி வெற்றியைச் சொல்கிறது, புறப்பாட்டைச் சொல்லவில்லை. 1966இல் உதகமண்டலத்திலிருந்து மைசூருக்கு வந்த கல்வெட்டுத் துறை அலுவலகத்தில் தமிழ்க் கல்வெட்டுப் படிகள் பல்லாயிரம் நெடுங்காலம் பேணப்பட்டன. மன்னர் கொடுத்த கொடையும், கோயிலுக்கு அளந்த நெல்லும் கல்வெட்டுகளில் உண்டு. கலத்தில் அரிசி ஏற்றியவனுடைய கணக்கு அரிது.

ஆயினும், முந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னர், அதே தீவுகளை நோக்கித் தமிழகத்தில் நடந்த ஓர் ஆயத்தம் நமக்குத் தெரிய வருகிறது. அதனை உரைத்தவர் மொராக்கோ நாட்டு யாத்திரிகர் இபன் பதூதா. மாலத்தீவில் நீதிபதியாக இருந்த அவர், அங்குள்ள அமைச்சருடன் பிணங்கி வெளியேறினார். இலங்கையைக் கண்டு, 1344ஆம் ஆண்டு வாக்கில் தமிழகக் கரைக்குக் கப்பலேறினார். வழியில் காற்று முற்றிற்று. திறமையுள்ள மீகாமன் இல்லை என்று அவரே குறை கூறுகிறார். பாய்மரத்தை வெட்டி வீழ்த்தியும் கலம் தப்பவில்லை. கரையோர மக்கள் அவரைக் காப்பாற்றினர்.

அக்காலத்தில் மதுரையை ஆண்டவர் சுல்தான் கியாசுதீன் தாமகானி. தீவுகள்மீது படை அனுப்புமாறு இபன் பதூதா அவரைத் தூண்டினார். சுல்தானும் இசைந்தார். கலங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன, தீவின் அரசிக்குப் பரிசுகளும், அமைச்சர்களுக்கு ஆடைகளும் ஆயத்தமாயின, தீவின் ஏழைகளுக்கு வழங்குவதற்கென மூன்று கப்பல்களில் பொருள் ஏற்றவும் ஆணை பிறந்தது. ஐந்து நாளில் புறப்பட வேண்டும் என்பது சுல்தானின் எண்ணம். கடற்படைத் தலைவரோ, இன்னும் மூன்று மாதம் கழியாமல் தீவுகளுக்குச் செல்ல இயலாது என்று தடுத்துவிட்டார்.

அரசனுடைய ஆணைக்கும் மேலான ஆணை ஒன்று கடலில் உண்டு; அதுவே காற்று. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வங்கக் கடலில் புயல் எழும். தை பிறந்தபின் மழை ஓயும். வாடைக்காற்று சீராக வீசும். மாலத்தீவு நமக்குத் தென்மேற்கே உள்ளது. ஆதலின் வடகிழக்கிலிருந்து வரும் அக்காற்று பின்னிருந்து பாயைத் தள்ளும். மூன்று மாதம் என்று அத்தலைவர் சொன்னதன் பொருள் இதுவே என நாம் கொள்ளலாம். தை பிறந்தால் வழி பிறக்கும் என்பது உழவர்க்கு மட்டுமன்று, கடலோடிக்கும் பொருந்தும்.

காத்திருக்கும் காலம் வீண்காலம் அன்று. தூத்துக்குடித் தோணிகள் பாய் விரித்து ஓடிய நாளில், தண்டல் எனப்பட்ட தலைவனும் அவனுடைய ஆட்களும் செய்த பணிகள் அதனை விளக்கும். பலகை இணைப்புகளில் பஞ்சைத் திணித்து, குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்து அடைப்பார்கள். இதற்குக் கலப்பற்று என்று பெயர். மரத்தைத் துளைக்கும் புழு அணுகாவண்ணம் அடிப்புறத்தில் சுண்ணாம்பும் எண்ணெயும் கலந்து பூசுவார்கள். பாயின் கிழிசலைத் தைப்பார்கள். கயிறு ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்ப்பார்கள்.

அதன்பின் உணவுக் கணக்கு. தூத்துக்குடியிலிருந்து மாலே ஏறத்தாழ 700 கிலோமீட்டர். மணிக்கு 8 கிலோமீட்டர் ஓடினால் நான்கு நாளில் சேரலாம்; காற்று விழுந்தால் நாள் இரட்டிக்கும். தீவுகளில் ஆறு இல்லை, நெல் விளைவதில்லை. மாசிக் கருவாடும் தேங்காயும் கிடைக்கும். அரிசி கிடைக்கும் என்று நம்புவதற்கில்லை. ஆதலால் திரும்பும் வழிக்கும் சேர்த்தே அரிசி, பருப்பு, புளி, உப்பு, விறகு ஆகியவற்றைக் கொள்ள வேண்டும். பத்துப் பேருக்கு, ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் வீதம் 15 நாளுக்கு நீர் கொண்டால் 600 லிட்டர் ஆகிறது. இதில் பிழை நேர்ந்தால் எந்த மன்னனும் நடுக்கடலில் வந்து திருத்த முடியாது.

மதுரைச் சுல்தானுடைய கப்பல்கள் என்ன ஆயின? காத்திருந்த காலத்திலேயே அவர் நோயுற்று இறந்தார். அடுத்து வந்தவர் ஆயத்தத்தை நிறைவு செய்யச் சொன்னார். இபன் பதூதாவோ தாமும் காய்ச்சலுற்று, விடைபெற்றுச் சென்றார். அவரைக் கொண்டு தீவைக் கைப்பற்றும் அம்முயற்சி கைகூடவில்லை. படையெடுப்பு நிகழாமற் போனமையால் தீவினர் இழந்தது ஒன்றுமில்லை. நமக்கோ, கலம் புறப்படும் முன் நிகழ்வன யாவை என்று காட்டும் சில வரிகள் எஞ்சின.

வென்றவனுடைய பெயரைக் கல் காக்கிறது. நீரை அளந்தவனுடைய அறிவைக் காப்பவர் யார்? மைசூரிலும் பிற மாநிலங்களிலும் வாழும் நம்முள், தூத்துக்குடியையும் நாகப்பட்டினத்தையும் இராமேசுவரத்தையும் பிறப்பிடமாகக் கொண்டோர் பலர். தோணியில் பாட்டனார் எதை ஏற்றினார், எந்த மாதத்தில் புறப்பட்டார் என்பதை வீட்டு முதியோர் இன்னும் சொல்லக்கூடும். அடுத்த முறை ஊருக்குச் செல்லும்போது அவர்கள் அருகில் அமர்ந்து கேட்டு, அதை ஏட்டில் எழுதி வைப்போமாக.