தண்மையும் திணிவும்: றொக்கற் எரிபொருள் அளவீட்டின் சமூக வரலாறு குறித்துச் சில சிந்தனைகள்

1931 இல் லண்டனில் நடைபெற்ற அறிவியல் வரலாற்று மாநாட்டிலே, நியூற்றனின் ‘பிறின்சிப்பியா’ நூலின் சமூக, பொருளாதார வேர்களை ஆராய்ந்து போரிஸ் ஹெசென் வாசித்த கட்டுரை, மேதைகளின் வரிசையாகவே எழுதப்பட்டுவந்த அறிவியல் வரலாற்றைக் கேள்விக்குள்ளாக்கியது. எனினும், அவ்வழி சென்றோரிற் பலர் பெருங்கோட்பாடுகளையே நாடினர். அளவிடுதல் என்னும் அன்றாட உழைப்பு அவர்தம் கவனத்தைப் போதியளவு பெறவில்லை என்றே கூறுதல் வேண்டும். விண்வெளிப் பயணத்தின் வரலாற்றிலே இக்குறை மிகத் தெளிவாகப் புலப்படுகின்றது.

திரவ ஒட்சிசன் -183 பாகை செல்சியஸிலும், திரவ ஐதரசன் -253 பாகையிலும் கொதிப்பவை. ஒரு லீற்றர் ஒட்சிசன் ஏறத்தாழ 1.14 கிலோகிராம் திணிவுடையது. ஐதரசனோ 70 கிராம் அளவினதே. ஆனால் இவ்வெண்கள் நிலையானவையல்ல. ஒட்சிசனை -207 பாகைவரை குளிர்வித்தால் அதன் அடர்த்தி எட்டுச் சதவீதத்துக்கு மேல் உயர்கின்றது. தாங்கியும் மாறாதிருப்பதில்லை. ஐதரசனின் தண்மையிலே அலுமினியத் தாங்கியின் கொள்ளளவு ஏறத்தாழ ஒரு சதவீதம் குறைகின்றது. போதாதற்கு, திரவம் இடையறாது கொதித்து ஆவியாகியவண்ணம் உள்ளது. எனவே, மட்டத்தை அறிந்தவன் திணிவை அறிந்தவனாகான். எஞ்சினுக்கு வேண்டியது திணிவே; எரிபொருளும் ஒட்சிசனும் குறித்த விகிதத்திற் செலவாகாவிடின் ஒன்று தீர்ந்தபின் மற்றையது வீண் சுமையாக எஞ்சும். இறுதிக் கட்டத்தில் எஞ்சும் ஒரு கிலோகிராம், கொண்டுசெல்லும் பொருளில் ஒரு கிலோகிராம் இழப்பாகும்.

இப்பிரச்சினை ஆய்வுகூடத்து ஆர்வத்தினாற் கூர்மையடைந்ததன்று. கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணையாகவே சோவியத் ஒன்றியத்தின் ஆர்-7 வடிவமைக்கப்பட்டது. நடுத்தொகுதி ஒன்றும் பக்கத்தொகுதிகள் நான்கும் திரவ ஒட்சிசனையும் மண்ணெண்ணெயையும் ஒருங்கே எரித்தன. தாங்கிகள் வெவ்வேறு வேகத்தில் வெறுமையாயின் சமநிலை குலையும். பயனின்றி எஞ்சும் எரிபொருளும் பெருகும். இதனைத் தவிர்க்கும் பொருட்டு, பறக்கும்போதே தாங்கிகளின் நிலையை உணர்ந்து செலவைத் திருத்தும் ஒழுங்கு உருவாக்கப்பட்டது. இத்துறையில் மொஸ்கோ தன்னியக்கவியல் நிறுவகத்தைச் சேர்ந்த போரிஸ் பெத்றோவின் பங்கு குறிப்பிடத்தக்கது.

1957 ஒக்டோபர் 4 ஆந் திகதி முதலாவது செய்மதி ஏவப்பட்டபோது நிகழ்ந்தது ஈண்டு நோக்கற்பாலது. பறப்பின் 16 ஆவது விநாடியளவில் இவ்வொழுங்கு செயலிழந்தது. மண்ணெண்ணெய் மிகையாகச் செலவாகித் தீர்ந்தது. சுழலி மிகைவேகங் கொள்ள, எஞ்சின் குறித்த நேரத்துக்கு ஒரு விநாடி முன்னதாகவே நின்றது. செய்மதி சுற்றுப்பாதையை அடைந்தது உண்மை. எதிர்பார்த்த உயரத்தை அடையவில்லை என்பதும் உண்மை. உலகம் வியந்த அச்செய்தியில் இவ்வொரு விநாடி இடம்பெறவில்லை. தலைமை வடிவமைப்பாளர் கொறொலெவின் பெயரே 1966 இல் அவர் மறையும்வரை வெளியிடப்படாதிருந்த நிலையில், உணர்கருவிகளைச் செய்தோரின் பெயர்களை எவ்வாறு எதிர்பார்ப்பது? முற்போக்குச் சிந்தனையாளராகிய நாம் இந்த இரகசியத்தைப் பகைவரின் சூழ்ச்சி என்ற ஒன்றினால் மட்டும் விளக்கிவிட முடியாது. உழைப்பின் கூட்டுத்தன்மையை முழங்கிய அரசே அவ்வுழைப்பை மறைத்தும் வைத்தது. ஹெசெனும் 1936 இல் அவ்வரசினாலேயே சுட்டுக்கொல்லப்பட்டார்.

அமெரிக்கர் ஐதரசனைக் கையாள முற்பட்டபோது சிக்கல் மேலும் கடுமையாயிற்று. 1962 மே மாதத்தில் முதலாவது சென்றோர் வெடித்துச் சிதறியது. 1963 நவம்பர் 27 இலேயே அது வெற்றி கண்டது. சென்றோரிலும், பின்னர் சற்றேண் றொக்கற்றின் மேற்கட்டங்களிலும் கொள்ளளவிக் கோல்கள் பயன்பட்டன. ஒன்றனுள் ஒன்றாக இரு உலோகக் குழாய்கள், இடையே திரவம். திரவம் நிறைந்த பகுதி, ஆவி நிறைந்த பகுதியைவிடக் கூடிய மின்கொள்ளளவம் உடையது. ஐதரசனில் இவ்வேறுபாடு 23 சதவீதமளவே. ஆயினும், திரவம் அடர்த்தியாகுந்தோறும் இதுவும் உயர்வதால், கோல் வெறும் மட்டத்தையன்றித் திணிவையே தழுவிக் காட்டியது. அளவு குணமாக மாறுதல் என்னும் வாய்பாட்டை இவ்விடத்திற் பொருத்திப் பார்த்து மகிழ்வோர் உளர். அது ஆராய்ச்சியாகாது. சற்றேண் ஐந்தின் இரண்டாங் கட்டம் ஏறத்தாழ 450 தொன் எரிபொருட்களைக் கொண்டது. ஒரு சதவீதப் பிழை நாலரைத் தொன் என்பதே இங்கு பொருள்முதல்வாதம்.

எஞ்சின் உந்தும்வரையே கோலுக்கு மதிப்பு. எடையற்ற நிலையில் திரவம் சுவரைப் பற்றியும் குமிழிகளாகச் சிதறியும் நிற்க, மட்டம் என்ற கருத்தே பொருளிழக்கின்றது. அதனாற் சிறு உந்துதலால் திரவத்தை அடியிற் சேர்த்தபின்னரே அளக்க வேண்டியதாயிற்று. அண்மைக்காலத்தில் அமெரிக்க விண்வெளி நிறுவனமாகிய நாசா வேறோர் வழியை வகுத்துள்ளது. தாங்கி முழுவதையும் ஓர் அதிர்வறையாகக் கொண்டு ரேடியோ அலைகளைச் செலுத்தி, பரிவு மீடிறன்கள் எவ்வளவு மாறுகின்றன என்பதைக் கணித்த மாதிரிகளோடு ஒப்பிட்டுத் திணிவை மதிப்பிடுவது அது. 2018 இல் திரவ மெதேனுடன் விண்வெளி நிலையத்துக்கு அனுப்பப்பட்ட சோதனை, குளிர்விக்கும் ஒழுங்கு பழுதுற்றமையால் 2019 இல் மெதேனை வெளியேற்ற வேண்டியதாய் முடிந்தது. 2024 பெப்ரவரியில் இக்கருவி ஒடிசியஸ் கலத்தில் ஏறிச் சந்திரனை நோக்கிச் சென்றது. கலம் தனியார் நிறுவனம் ஒன்றினுடையது. கருவியோ பொதுப்பணத்திற் பல்லாண்டு உழைத்து உருவாக்கப்பட்டது.