தங்கனீக்கா ஏரிக்கரையும் அதன் தனிமையும்

கிழக்காபிரிக்கப் பெரும் பிளவுப் பள்ளத்தாக்கின் மேற்குக் கிளையிலே, வடக்குத் தெற்காக ஏறக்குறைய 670 கிலோமீற்றர் நீண்டு கிடப்பது தங்கனீக்கா ஏரி. அதன் சராசரி அகலம் 50 கிலோமீற்றரே. ஆழமோ ஓரிடத்தில் 1,470 மீற்றர். ஆழத்தில் இதனை விஞ்சுவது சைபீரியாவின் பைக்கால் ஏரி ஒன்றே. தன்சானியா, கொங்கோ, புருண்டி, சம்பியா ஆகிய நான்கு நாடுகள் இதன் கரையைப் பங்கிட்டுக் கொள்கின்றன. தன்சானியாவுக்குரிய கீழ்க்கரையில், கிகோமா நகருக்குத் தெற்கே, நீரினின்றும் நேரே எழுவன மகாலே மலைகள். அவற்றின் உச்சி 2,462 மீற்றர் உயரமுடையது. அம்மலைகளை உள்ளடக்கிய தேசிய வனத்தினுள் மோட்டார் வீதி இல்லை. செல்வோர் ஏரி வழியாகப் படகில் வந்திறங்கி, வழிகாட்டியின் பின்னே காலால் நடந்தே காட்டினுட் புகவேண்டும். சிம்பன்சிகளைத் தேடி மணிக்கணக்காக ஏறி இறங்கிய பின், கண்ட இடத்தில் ஒரு மணி நேரமே நிற்க அனுமதி உண்டு.

இத்தகைய இடத்தை, மனிதர் காலடி படாத கன்னிக்காடு என்றும் உலகத்தின் ஒரு மூலை என்றும் வருணித்தல் பயண நூலார்க்கு இயல்பு. வரலாறு பயில்வோர் அதனை அவ்வாறே ஏற்றுக்கொள்ளுதல் அரிது. இக்கரை என்றுமே மூலையாக இருந்ததன்று; மூலையாக்கப்பட்டது. அது நிகழ்ந்த வகையே ஈண்டு ஆராயற்பாலது.

1858ஆம் ஆண்டு பெப்ரவரியில் பேர்ட்டன், ஸ்பீக் என்னும் ஆங்கிலேயர் இருவர் இவ்வேரியை வந்தடைந்தனர். அவர்கள் அதனைக் 'கண்டுபிடித்தனர்' என நாம் பள்ளிக்கூடத்திற் படித்தோம். அவர்கள் வந்து தங்கிய உஜிஜி என்னும் ஊரிலோ அப்பொழுதே அராபிய வணிகரும் சுவாகிலி வணிகரும் வீடு கட்டி வாழ்ந்திருந்தனர். கடற்கரைப் பட்டினமாகிய பாகமோயோவிலிருந்து தபோரா வழியாக உஜிஜி வரை ஏறக்குறைய 1,200 கிலோமீற்றர் தூரத்திற்கு ஒரு சாத்து வழி இருந்தது. அவ்வழியே பொதி சுமந்தோருட் பெரும்பாலார் நியம்வேசி இனத்தவர். அவர்கள் கூலி பேசிச் சுமந்த தொழிலாளர், அடிமைகளல்லர். இவ்வேறுபாட்டைப் பலரும் மறந்துவிடுகின்றனர்.

உஜிஜிச் சந்தையிற் கிடையாத பொருள் அரிது எனலாம். ஏரியின் உலர்ந்த சிறுமீன், செம்பனை எண்ணெய், தானியம், ஆடு, தந்தம் ஆகியன அங்கே கைமாறின. கிழக்கேயுள்ள உவின்சா உவரூற்றுக்களிற் காய்ச்சிய உப்பும் வந்தது, அவ்வூற்றுக்களில் கி.பி. முதலாயிரத்தாண்டிலேயே உப்புக் காய்ச்சினர் என்பது அகழ்வாராய்ச்சியால் அறியப்பட்டது. அமெரிக்கப் பருத்தித் துணியோடு இந்திய நீலத்துணியும் அங்கே விலைபோயிற்று. நாணயத்திற்குப் பதிலாக ஒருவகைக் கண்ணாடி மணிகள் வழங்கின. தனக்கென நாணயமும் சந்தையும் படகுத்துறையும் வாய்ந்த ஊரை மூலை என்றல் பொருந்துமா?

அச்சந்தையில் மனிதரும் விற்கப்பட்டனர். ஏரியின் மேற்கே பிடிக்கப்பட்டோர் படகேற்றிக் கொணரப்பட்டு, உஜிஜியிலிருந்து கடற்கரைக்கு நடத்தப்பட்டனர். இக்கொடுமையை அராபியர் தலையில் மட்டும் சுமத்துவது அக்கால ஆங்கில நூலாரின் வழக்கம். ஆயின் சன்சிபாரிற் சுங்க வருமானத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தது கச்சு நாட்டு ஜெய்ராம் சிவ்ஜியின் வணிக நிலையம். பெருவணிகனாகிய திப்பு திப்புக்குக் கடன் கொடுத்தவர் குஜராத்தியரான தாரியா தோப்பன். கடத்தப்பட்ட தந்தத்தில் ஒரு பகுதி மேலைநாட்டுப் பியானோக் கட்டைகளும் மேசைப் பந்துகளும் ஆயிற்று. மற்றொரு பகுதி இந்திய மணப்பெண்களின் கைவளைகளாயிற்று. சன்சிபார்ச் சுல்தான் கடல்வழி அடிமை வாணிகத்தைத் தடைசெய்து உடன்படிக்கை எழுதியது 1873இலேதான்.

அதற்கு இரண்டாண்டு முன்னரே, 1871இன் இறுதிப் பகுதியில், உஜிஜியை உலகறியச் செய்த சந்திப்பு நிகழ்ந்தது. ஏரிக்கு அப்பால் நியாங்குவே சந்தையில் வணிகர் மக்களைச் சுட்டுக் கொன்றதைக் கண்ணாற் கண்டு, உடல்நலமும் உளநலமும் குன்றித் திரும்பிய லிவிங்ஸ்ரன், தமக்கென வந்த பொருள்கள் விற்கப்பட்டிருக்கக் கண்டு கையற்றிருந்தார். அமெரிக்கப் பத்திரிகையொன்று அனுப்பிய ஸ்ரான்லி அப்போது வந்து சேர்ந்தார். சந்தித்த நாள் எது என்பதில் இருவர் குறிப்புகளும் ஒத்துவரவில்லை. ஸ்ரான்லி கூறியதாக உலகமெங்கும் வழங்கும் அந்த முகமன் வாக்கியமும் ஐயத்திற்குரியதே. அச்சந்திப்பைக் குறிக்கும் ஏடுகள் அவருடைய நாட்குறிப்பினின்றும் கிழிக்கப்பட்டிருக்கின்றன. ஸ்ரான்லியை முதலில் ஓடிவந்து எதிர்கொண்டவர் லிவிங்ஸ்ரனின் பணியாளராகிய சூசி என்பவர்.

இந்தச் சூசியும் சூமா என்பவரும் 1873 மே மாதத்தில் லிவிங்ஸ்ரன் இறந்தபோது உடனிருந்தனர். அவர் இதயத்தை அங்கேயே ஒரு மரத்தடியிற் புதைத்து, உடலை உலர்த்திப் பொதிந்து, தோழர்களோடு சேர்ந்து 1,600 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வழியைச் சுமந்து கடந்து, 1874 பெப்ரவரியிற் பாகமோயோவை அடைந்தனர். அம்மரத்திற் பெயர் பொறித்தவர் யேக்கப் வெயின்றைற். அடிமைத்தளையினின்று மீட்கப்பட்டு இந்தியாவின் நாசிக் நகரிலே கல்வி கற்ற ஆபிரிக்கர். வெஸ்ற்மினிஸ்ரர் ஆலயக் கல்லறையிலோ, நம்பிக்கைக்குரிய கைகள் சுமந்து வந்தன என்ற பொருள்படச் சொற்கள் உண்டு. அக்கைகளுக்கு உரியோர் பெயர் இல்லை.

உஜிஜியின் வீழ்ச்சிக்குக் காரணம் போரன்று, புகையிரதம். ஜேர்மனியர் தாருஸ்ஸலாமிலிருந்து அமைத்த இருப்புப்பாதை 1914இல் ஏரியை எட்டியபோது, உஜிஜியை விடுத்து, ஆழமும் காற்றொதுக்கும் உள்ள குடாவையுடைய கிகோமாவில் முடிந்தது. உஜிஜியின் கரையோ ஆழமற்றது. 1870களின் இறுதியில் ஏரிநீர் மேற்கே லுக்குகா ஆற்றின் வாயடைப்பை உடைத்துக்கொண்டு வெளியேறி, நீர்மட்டம் ஏறக்குறைய 10 மீற்றர் தாழ்ந்திருந்தது. கப்பலும் கிகோமாவுக்கே வந்தது. ஜேர்மனியிற் கட்டிப் பிரித்துப் பெட்டிகளில் அனுப்பப்பட்ட கிராப் வொன் கொற்சன், அங்கே மீண்டும் பொருத்தப்பட்டு 1915இல் நீரில் இறங்கியது. மறு ஆண்டு, பகைவர் கையில் விழாதவாறு ஜேர்மனியரே அதனை மூழ்கடித்தனர். பிரித்தானியர் 1924இல் அதனை மேலெடுத்து, 1927இல் லியெம்பா என்ற பெயரோடு ஓடவிட்டனர். அது பின்னும் பல பத்தாண்டுகள் கரையோர ஊர்களுக்குப் பயணிகளையும் மூட்டைகளையும் ஏற்றியிறக்கி உழைத்தது. உஜிஜியிலே எஞ்சியவை ஒரு நினைவுக்கல்லும், சந்திப்பு நிகழ்ந்த மாமரத்தின் வழிவந்தவை எனக் கூறப்படும் மாமரங்களுமே.

ஊர் இவ்வாறு ஒடுங்க, கரையின் மற்றைப் பகுதிகள் காலியாக்கப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் பரவிய உறக்க நோய்க்கு அஞ்சி, மேற்குத் தங்கனீக்காவிற் சிதறிவாழ்ந்த குடிகளை ஆட்சியாளர் பெருங்குடியிருப்புகளில் ஒன்றுசேர்த்தனர். பின்னர் வனவிலங்குப் பாதுகாப்பு வந்தது. கிகோமாவுக்கு வடக்கேயுள்ள கொம்பே 1943இற் காப்பகமாயிற்று. 1960இல் ஜேன் குடால் அங்கே சென்று, சிம்பன்சி புற்றாந்துளையிற் புல்லை நுழைத்துக் கறையான் எடுத்துண்பதைக் கண்டெழுதினார். கருவி செய்பவன் மனிதன் ஒருவனே என்ற கொள்கை அதனால் ஆட்டங் கண்டது. 1965இல் மகாலேயில் நிஷிதா என்னும் ஜப்பானிய அறிஞர் கியோத்தோ பல்கலைக்கழகத்தின் சார்பில் ஆராய்ச்சி தொடங்கினார்.

நிஷிதா சென்ற பொழுது அது ஆளற்ற காடன்று. தொங்குவே என்னும் மக்கள் சிறு சிறு ஊர்களாகப் பிரிந்து வாழ்ந்து, காட்டை வெட்டி எரித்துப் பயிரிட்டு, நிலம் சோர்ந்தவுடன் அதனை மீண்டும் காடாக விட்டு அகல்வாராயினர். சிம்பன்சிகளைத் தேடி ஆராய்ச்சியாளரை அழைத்துச் சென்றோரும் அவர்களே. 1970களின் நடுப்பகுதியில் அரசின் கூட்டுக்கிராமத் திட்டத்தால் அவர்கள் மலையினின்றும் அகற்றப்பட்டனர். 1985இல் மகாலே தேசிய வனமாயிற்று. விலங்குகளைக் காத்தல் வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் தலைமுறை தலைமுறையாக அக்காட்டை அழியாது வைத்திருந்தோர் இவர்களே ஆதலின், காவலின் பெயரால் இவர்களை நீக்கியது நேரிதென்று கொள்ள எம்மால் இயலவில்லை. மனிதர் வருகை முற்றாக நின்றதுமில்லை. 2006இல் மகாலேச் சிம்பன்சிகளிடையே மூச்சுநோய் பரவிப் பல இறந்தன. பார்வையாளர் இன்று வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டு விலகி நின்றே அவற்றைப் பார்க்கின்றனர்.

தொங்குவே மக்கள் போனபின் அவர்கள் முற்றங்களிலிருந்த மா, கொய்யா, எலுமிச்சை மரங்கள் காட்டினுள் நின்றுவிட்டன. முன்னர் அக்கனிகளை உண்டறியாத சிம்பன்சிகள், ஆண்டுகள் சில கழிய, ஒன்றைப் பார்த்து ஒன்றாக அவற்றைப் பறித்துத் தின்னப் பழகியதை ஆராய்ச்சியாளர் பதிவு செய்திருக்கின்றனர்.